வாசலில் நின்று கூப்பிட முடியாத பேர்

நாகம்மா அத்தை அந்தக் காப்பியை ஒரு வாய்தான் குடித்திருந்தார்.

பெண் பார்க்க வந்திருந்தார். எங்கள் குடிசையில் புதுப் பாய் விரித்திருந்தோம். இரவல் வாங்கிய பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் கதம்பம். என் நைனா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். "பொண்ணு பேரு கன்னியம்மா" என்று சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு அஞ்சலை குரல் கொடுத்தாள்.

"ஏ பொயலு, ஒங்க வூட்ல ஒரு கை உப்பு கீதா?"

நாகம்மா அத்தை தம்ளரைக் கீழே வைத்தார். பொயலு என்றால் யார் என்று கேட்டார். நைனா தலையைச் சொறிந்தார், அம்மா கூரையைப் பார்த்தார். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கதவு மறைவில் நின்ற என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வலித்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. பொண்ணு லச்சணமாத்தான் கீது. ஆனா என் புள்ளைங்க மூணு பேரும் கடலுக்குப் போறவனுங்க. வாசல்ல நின்னுகினு 'பொயலு, வா'ன்னு நான் எப்டிக் கூப்புடுவேன்?"

எழுந்து போய்விட்டார். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. அஞ்சலைக்கு நான் உப்பு கொடுக்கவில்லை. அதோடு நிறுத்தினேனா? அந்த மாசம் முழுக்க அவளோடு பேசவும் இல்லை.

சொல்லும் அதன் சேட்டையும்

'ஒரு பேருக்காகவா கல்யாணம் நின்றது?' என்று இன்றைக்கு என் பேத்தி சிரிக்கிறாள். நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

புத்தகத்தில் புயல். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்கள் வாயில் பொயலு. கொருக்குப்பேட்டையில் ரயிலடியை ஒட்டி இருப்பவர்களுக்கு, நிற்காமல் போகிற கூட்ஸ் வண்டி பொயலு. வியாசர்பாடி மைதானத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடுகிறவன் பொயலு. பந்தியில் அடுத்தவன் இலையையும் பார்க்கிறவன் 'பொயலு மாரி துன்றான்'. மேடையில் மைக்கைப் பிடித்துவிட்டு விடாத பேச்சாளருக்கும் அதே பட்டம்தான், அங்கே மட்டும் முன்னால் ஓர் ஊர்ப்பேரைச் சேர்த்துக்கொள்வார்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே. கடலில் புயல் கிளம்பினால் துறைமுகத்துக் கொடிமரத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், அதற்கு நம்பர் உண்டு. அந்த நம்பரை இவர்கள் தங்கள் வீட்டுக்காரிகளுக்கு வைத்துவிட்டார்கள். 'எங்க வூட்ல காலைலயே மூணாம் நம்பர் ஏத்திகீது மாமு, நான் இன்னிக்கு இங்கயே துன்னுட்டுப் போறேன்' என்பார்கள். அந்த வீட்டுக்காரிகள் புருஷன்களுக்கு என்ன நம்பர் வைத்திருந்தார்கள் என்பதை நான் எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

நான் வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியில் கதையே வேறு. அங்கே எனக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. ஒட்டிய பெட்டிகளைக் கொட்டகையில் பரப்பிக் காயவைப்போம். காற்று நின்றுபோன நாளில் பசை காயாது, பெட்டியெல்லாம் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும், மேஸ்திரி குதிப்பார். அதனால் நான் உள்ளே நுழைந்தாலே பெண்கள் 'பொயலு வந்துட்டா, இனிமே காயும்' என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிற ரஹ்மத் தண்டையார்பேட்டைக்காரி. அவள் மாமியார் வீட்டில் உருது. அந்த அம்மாள் கோபம் வந்தால் இவளை 'தூஃபான்' என்று திட்டுவாராம். பாசம் வந்தாலும் அதே தூஃபான்தானாம். அதுவும் புயல்தான். "ஒங்காளுங்கதான் பேஜார் பண்றாங்க. எங்க வூட்ல தெனிக்கும் பத்து வாட்டி கூப்புட்றாங்க, கூரைல ஒரு ஓடு பறந்ததில்ல" என்று ரஹ்மத் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

விருந்தாளி

ஆனால் ரஹ்மத் வீட்டு ஆண்கள் தோல் மண்டியில் வேலை பார்த்தவர்கள். கட்டுமரத்தில் ஏறி விடியலில் போகிறவர்கள் இல்லை.

கடலோரத்தில் வெறுமனே 'காத்து' என்று சொன்னாலே அது பலத்த காற்றுதான். 'காத்து கீது' என்று ஒருத்தர் சொன்னால் கட்டுமரத்தைக் கடலில் இறக்கமாட்டார்கள். டவுனிலிருந்து மாலையில் வருகிறவர்கள் 'காத்து வாங்க வந்தோம்' என்று சொல்லும்போது எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஐப்பசியில் வாங்களேன், கூடை கூடையாக அள்ளித் தருகிறோம் என்று எனக்குச் சொல்லத் தோன்றும்.

அந்தக் காற்றுக்கே பெரிய காற்றான பொயலை, ஆண்கள் கடலில் இருக்கும்போது யாரும் பேர் சொல்லமாட்டார்கள். சொன்னால் கூப்பிட்ட மாதிரி. இது எல்லாக் குப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. நாகம்மா அத்தையின் குப்பத்தில் ரொம்ப உண்டு. அங்கே அதை 'விருந்தாளி' என்பார்கள். வானம் கறுத்தால் 'விருந்தாளி வருவாரு போலக்கீது' என்று மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். இதனால் ஒரு கூத்து. நிஜமாகவே வீட்டுக்கு வருகிற விருந்தாளியை அந்தக் குப்பத்தில் விருந்தாளி என்று சொல்ல முடியாது. 'சோறு துன்ன ஆள் வந்துகீது' என்றுதான் சொல்லவேண்டும். வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு.

நாகம்மா அத்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர் இல்லை. ஒரு கார்த்திகையில் அவர் புருஷன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அன்றைக்குக் காலையில் கரையில் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லிக் கத்தினார்களாம். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அது நாக்கில் ஏறினதே இல்லை. மூன்று பிள்ளைகளை அந்த வாயடக்கத்தோடுதான் வளர்த்தார். அவரை நான் எப்படித் திட்டுவது? திட்டினேன், அது வேறு விஷயம். மனசார இல்லை.

எனக்கு எப்படி வந்தது

நான் பிறந்த அன்றைக்கு எங்கள் குப்பத்தில் பாதிக் கூரைகள் இல்லை. மருத்துவச்சி வந்த வழியில் அவர் குடை போய்விட்டது. நான் வெளியே வந்து அழுத அழுகையைக் கேட்டு, 'வெளில ஒரு பொயலு, உள்ள ஒரு பொயலு' என்றாராம். அவ்வளவுதான். கோயிலில் வைத்த கன்னியம்மா என்ற பேர் பள்ளிக்கூடத்துப் பதிவோடு நின்றுவிட்டது.

எங்கள் குப்பத்தில் யாருக்கும் அதில் பயம் இல்லை. ஏனென்றால் அன்றைக்கு என் நைனா கடலில் இருந்தார். எல்லோரும் அவரைக் கைவிட்டபோது அலை அவரை உயிரோடு கரையில் கொண்டுவந்து போட்டது. 'எம்பொயலு பொறந்தா, நான் பொழச்சேன்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். இருபது வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தச் சொல்லின் கூர் மழுங்கிவிட்டது. பக்கத்துக் குப்பத்தில் அது மழுங்கவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே ஒன்றைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாகம்மா அத்தையின் நடுப் பிள்ளை தேசப்பனைத்தான் கட்டிக்கொள்ளவேண்டும் என்று இருந்தது. வேறு யாரும் வேண்டாம். அத்தை அன்றைக்குப் பெண் பார்க்க வந்ததும் அவருக்காகத்தான். கம்பெனியிலிருந்து நான் கரையோரமாக வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்தான் அவர்கள் குப்பம். அவர் வலை உலர்த்திக்கொண்டு இருப்பார். என்னைப் பார்த்தால் 'தோ, ஷிப்டு வுட்டுட்டாங்களா' என்பார். அவ்வளவுதான் எங்கள் காதல். ஒரு தடவைகூட என் பேரைச் சொன்னதில்லை. கூச்சம் என்று நினைத்திருந்தேன். தன் அம்மாவிடம் சொல்லாமல் அவர் என் பொயலு என்ற பேரைத் தெரிந்து வைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கன்னியம்மா என்று ஒருத்தி

நைனா விடுகிற ஆள் இல்லை. மறுநாளே குடிசை குடிசையாகப் போனார். இனிமேல் என் மகளைக் கன்னியம்மா என்றுதான் கூப்பிடவேண்டும், அவள் வாழ்க்கைப் பிரச்சினை என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் சரி என்றார்கள். நல்ல ஜனங்கள். அஞ்சலை அழுதே விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் 'பொ' என்று ஆரம்பித்து இருமுவார். என் அம்மா 'பொயகன்னி' என்று புதிதாக ஒரு பேரையே உண்டாக்கினார். குழந்தைகள் இதை விளையாட்டாக்கிக்கொண்டு, யார் முதலில் தவறுவது என்று பந்தயம் கட்டினார்கள். இத்தனைக்கும் காரணமான நைனாவே, ஒரு நாள் நான் அடுப்பில் தீயை விட்டுவிட்டு வெளியே நின்றபோது, 'பொயலு, கொயம்பு பொங்குது' என்று குப்பமே கேட்கக் கத்தினார்.

நான் மட்டும் யோக்கியமா? கம்பெனியிலும் சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் மேஸ்திரி 'கன்னியம்மா, கன்னியம்மா' என்று தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் இந்தக் கன்னியம்மா, காது கேட்காத ஜன்மம் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ரஹ்மத் விலாவில் இடித்த பிறகுதான் அந்த ஜன்மம் நான்தான் என்று தெரிந்தது.

அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உடம்போடு ஒட்டிக்கொண்டதை எப்படிக் கழற்றுவது? தேசப்பனுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்திருப்பதாகக் குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். பேர் சாந்தாவாம். சாந்தா! என்னை வெறுப்பேற்றவென்றே பிறந்து வளர்ந்த மாதிரி ஒரு பேர்.

மூங்கிலும் சிவப்புப் புடவையும்

ஐப்பசி பிறந்திருந்தது. காலையில் நல்ல வெயில். மரங்கள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. மத்தியானத்துக்கு மேல் வடக்கே இருண்டது. காற்று எழும்பியதால் தீயைப் பற்றிய பயத்தில் கம்பெனியில் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள்.

ரஹ்மத்தும் நானும் கரையோரமாக நடந்தோம். மணல் கிளம்பிக் கண்ணில் அடித்தது. முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு குனிந்து நடந்தோம். நாகம்மா அத்தையின் குப்பம் வந்ததும் வழக்கம் போல முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ரோஷம்தான், வேறென்ன.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. காற்றில் மணல் பறக்கும்போது கடலிலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே புழுதியாகத் தெரியும். எந்த இடத்தில் அலை குறைவு, எங்கே கல் இருக்கிறது என்று தெரியாது. அதனால் மரம் ஏற்றுவதற்குத் தோதான இடத்தில் நீள மூங்கிலை நட்டு, உச்சியில் சிவப்புப் புடவை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். கடலில் இருப்பவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நேராக வருவார்கள். காற்று பலமானால் மூங்கில் நிற்காது, ஆள் பிடிக்கவேண்டும்.

அன்றைக்குப் பிடிக்க ஆள் இல்லை. ஆண்கள் கடலில். பெண்கள் ராயபுரத்துக்கு மீன் விற்கப் போயிருந்தார்கள். நாகம்மா அத்தையும் வயசான இரண்டு பெண்களும் மட்டும் அந்த மூங்கிலைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். புடவை காற்றில் படபடத்து மூங்கிலை இழுக்க, மூவரையும் அது ஆட்டி வைத்தது. ஒரு முறை சாய்ந்து கீழேயே விழுந்துவிட்டது. அத்தை மண்டியிட்டுத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் என்னைப் பார்த்திருக்கவேண்டும்.

நான் ரோட்டுப் பக்கம் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடியே பொயலு! வாடி! பொயலு, வா!"

கன்னியம்மா என்று கூப்பிட்டிருந்தால் நான் திரும்பியிருக்கவே மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஓடினேன். ரஹ்மத்தும் ஓடி வந்தாள். மூங்கிலைத் தூக்கி நிறுத்தி, அடியைக் குழியில் ஊன்றி, நான் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ரஹ்மத் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அத்தை குழியில் மணலைத் தள்ளிவிட்டு எங்களோடு வந்து மூங்கிலைப் பிடித்தார். அவருக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளும் கடலில். கார்த்திகையில் யாரோ கத்தியதை இன்றைக்கு இவரே கத்திவிட்டார்.

உள்ளங்கை தோல் உரிந்தது. புடவை பாதி கிழிந்து பறந்துபோனது, மீதி நின்றது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இன்றைக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலம் பூராவும் என் பேர் சொல்லித்தான் அழுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

முதல் மரம் அலை மேல் தெரிந்ததை ரஹ்மத்துதான் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. பிறகு வரிசையாக. எல்லாம் அந்தக் கிழிந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டு நேராக வந்து மணலில் ஏறின. அத்தையின் பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை, கடைசியில் தேசப்பன். ஒரு துடுப்பு போய்விட்டது. அவ்வளவுதான் நஷ்டம். அவர் என்னைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், தன் அம்மா என் தோளில் கை வைத்திருப்பதைப் பார்த்தார்.

எல்லோரும் கரையேறி நெஞ்சு அடங்கிய பிறகு, கூட இருந்த கிழவிகளில் ஒருத்தி அத்தையைப் பிடித்துக்கொண்டாள். புள்ளைங்க கடல்ல கீற நேரத்துல அந்தப் பேச்சப் பேசலாமா, வாய் கூசலியா என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அத்தை முகத்திலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, கூப்டேன். வந்தது இவதான்."

மீதிக் காப்பி

இரண்டொரு நாளில் காற்று ஓய்ந்தது. ஒரு காலையில் நாகம்மா அத்தை தன் வீட்டுத் தாம்பாளத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கூடவே மூத்த பிள்ளை. நான் கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நைனாவுக்குக் கை கால் ஓடவில்லை. இந்த முறை தப்பு நடக்கக்கூடாது என்று வேலிப் பக்கம் போய் அஞ்சலையை எச்சரித்துவிட்டு வந்தார். பாயை விரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை நாள் பழகியதை எல்லாம் திரட்டி, எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாகக் கூப்பிட்டார்.

"கன்னியம்மா, அத்தைக்குக் காப்பி குடும்மா."

அத்தை நைனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா அண்ணே, எந்தப் பொண்ணக் காட்ற? நான் பொயலக் கூட்டிகினு போகத்தான வந்தேன்?"

வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை விசும்புவது கேட்டது. அன்றைக்குத்தான் அவளுக்கு உப்பு கொடுத்தேன், ஒரு கை இல்லை, ஒரு படி.

அத்தை காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் எழுந்து, கடலைப் பார்த்த மாதிரி எங்கள் வாசலில் போய் நின்றார். மரங்கள் எல்லாம் அன்றைக்கும் கடலில்தான் இருந்தன. அவர் நெஞ்சு ஏறி இறங்குவது எனக்கு உள்ளேயிருந்து தெரிந்தது. பிறகு உள்ளே திரும்பி, குப்பத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

"பொயலு, வா."

போனேன்.